கேப்டன் வீட்டுச் சனிக்கிழமைகள்

ஏப்ரல் 17, 2025 – வியாழன்

குளிர்பெட்டியைத் திறந்தால் மீன் இல்லை, கோழி இல்லை. பச்சைப் பட்டாணிப் பொட்டலம் மட்டும் நான்கு. சமைக்க அல்ல, என் கணவரின் முட்டிக்கு ஐஸ் ஒத்தடம் வைக்க. வலது முட்டிக்கு ஒன்று, இடது முட்டிக்கு ஒன்று, மற்ற இரண்டும் மாற்று ஆட்டக்காரர்கள்.

பல் கிளினிக்கில் ஜனவரியிலேயே கொடுத்த டைரி இது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பல் சிரிக்கிறது. நான்கு மாதம் சும்மா கிடந்ததை இன்றுதான் எடுத்தேன். ஆரம்பிப்பதென்றால் முறையாக ஆரம்பிப்போம். நான் கலாதேவி, அந்தக் கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, வலிக்காது என்று எல்லோரிடமும் பொய் சொல்பவள். என் கணவர் சுகுமாரன், வயது முப்பத்தேழு. பகலில் கூரை ஓட்டுத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் பிரிவின் மேற்பார்வையாளர். செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி. சனிக்கிழமை என்றால் டன்மோர் காற்பந்துக் கழகத்தின் தற்காப்பு ஆட்டக்காரர், கேப்டன்.

டன்மோர் ஒரு காலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரை யாரோ தன் ஊர்ப் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனான். தோட்டம் இப்போது தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு ஆகிவிட்டது. திடலும் கழகமும் மட்டும் அந்தப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இவரும்தான். பதினேழு வயதில் போட்ட பச்சைச் சட்டை. இருபது வருடம், ஒரே கழகம். என்னோடு பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது. யார் மூத்தவள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 19 – சனி

சீசனின் முதல் ஆட்டம். 0–2 தோல்வி. இரண்டாவது பந்து இவர் காலில் பட்டுத் திரும்பி நம் வலைக்குள்ளேயே போனது.

இருபது வருடத்தில் இவர் அடித்த கோல் மொத்தம் ஆறு. இன்றையதையும் சேர்த்தால் அதில் மூன்று எதிரணிக்கு. “அப்பா ரெண்டு பக்கத்தையும் சமமா பாக்குறாரு லா” என்றாள் எங்கள் துளசி. பதினொரு வயது. இந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

கழகச் செயலாளர் சதாசிவம் அண்ணன் ஒரு நீல நோட்டில் இவருடைய ஆட்டங்களை எழுதி வைத்திருக்கிறார். இன்றோடு முந்நூற்று எண்பத்தாறு. இன்னும் பதினான்கு ஆடினால் நானூறு, அன்றைக்கு விழா எடுத்துவிடலாம் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவர் ரகசியம் சொன்னால் பார்க்கிங் வரை கேட்கும்.

ஏப்ரல் 20 – ஞாயிறு

மாடிப்படியில் முட்டி கடகடவென்றது. அவருடைய முட்டி. நான் கீழே சமையலறையில் இருந்தேன்.

மே 6 – செவ்வாய்

பயிற்சி முடிந்து வந்தவர் சாப்பிட்டார். தன் தட்டைக் கழுவினார். பிறகு என் தட்டையும் கழுவினார். குழம்புச் சட்டியைக் கையில் எடுத்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டேன்.

வரும் சனிக்கிழமையிலிருந்து பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாராம் ஜெயபாலன்.

ஜெயபாலன் இந்த வருடம் வந்த புதுப் பயிற்றுநர். ஆனால் புது ஆள் இல்லை. இவருக்குப் பக்கத்தில் நின்று டன்மோருக்கு ஆடியவர், இவரைவிட இரண்டு வயது சின்னவர். இருபத்துமூன்று வயதில் வடக்கே ஒரு பெரிய கிளப் அவரை எடுத்துக்கொண்டது. அதே வருடம் அதே கிளப்பின் தேர்வுக்குப் போன இவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் அப்போது. அந்தக் கிளப்பின் பெயரை இந்த வீட்டில் நான் இன்றுவரை சொன்னதில்லை. டிவியில் அவர்கள் ஆட்டம் வந்தால் அணைத்துவிடுவேன். கண்ணில்லாதவர்கள்.

ஜெயபாலன் என்ன சொன்னாராம்? “அண்ணே, உங்க மூளை இன்னும் எல்லாருக்கும் முன்னாடி போகுது. காலுதான் ரெண்டு நிமிஷம் கழிச்சு வருது.”

கோபப்படலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நானும் அதைத்தானே ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மே 10 – சனி

எழுபத்தைந்தாவது நிமிடம் வரை பெஞ்ச். அங்கிருந்து இவர் போட்ட சத்தத்துக்கு நடுவர் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தபோதுகூட இவரை யாரும் இவ்வளவு கவனித்ததில்லை. இவர் இடத்தில் ஆடுவது ஷர்வின். இருபத்தாறு வயது, மானைப் போல ஓடுகிறான். ஓடி முடித்த பிறகுதான் எதற்கு ஓடினோம் என்று யோசிக்கிறான். 1–1.

மே 21 – புதன்

இன்று ஒரு செய்தி. பாரிட் புந்தாரில் அரிசி ஆலைக்காரர் ஒருவர் புதிதாக ஒரு கழகம் ஆரம்பித்திருக்கிறார். அனுபவமுள்ள ஒரு கேப்டன் வேண்டுமாம். இரண்டு வருடம் ஆடலாம், பிறகு அங்கேயே பயிற்றுநராகிவிடலாம். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும்.

போங்க என்றேன் நான். இங்கே பெஞ்சைத் தேய்ப்பதற்கு அங்கே போய் நில்லுங்கள். டன்மோரை இந்த நேரத்தில் விட முடியாது என்றார். அட்டவணையில் கடைசிக்கு ஒரு படி மேலே இருக்கிறது, கீழே போனால் லீக்கை விட்டே போய்விடும், கேப்டன் ஓடிவிட்டான் என்று சொல்வார்கள் என்றார். பெஞ்சில் இருக்கும் கேப்டன் எங்கே ஓடுவது?

அதை நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

மே 22 – வியாழன்

பட்டாணி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சமாதானம்.

ஜூன் 8 – ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது.

ஜெயபாலன் சாப்பிட வந்திருந்தார். நான்தான் கூப்பிடச் சொன்னேன். நண்டு வாங்கி வந்து, கை வலிக்க உடைத்துக் குழம்பு வைத்தேன். எப்படியாவது பேசி இவரைப் பாரிட் புந்தாருக்கு அனுப்பி வைக்கச் சொல்லலாம் என்பது என் கணக்கு. துளசி நண்டுக் காலோடு போராடிக்கொண்டிருந்தாள். பேச்சு நன்றாகத்தான் போனது. இவர் கை கழுவ எழுந்து போன நேரம், நான் ஜெயபாலனிடம் பழைய கதையை எடுத்தேன். அன்றைக்கு உங்களை எடுத்தவர்கள் இவரையும் எடுத்திருந்தால் இன்றைக்கு இந்த நிலை வருமா என்றேன்.

அவர் நண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணி, அன்னிக்கு அண்ணன் வரவே இல்லையே. பேரைக் கூப்பிட்டாங்க, ஆளைக் காணோம். அவர் வந்திருந்தா அந்த இடம் எனக்குக் கிடைச்சிருக்காது. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றினேன்.

ஜூன் 9 – திங்கள்

பொய் சொல்லியிருக்காரு. பன்னெண்டு வருஷம்.

ஜூன் 11 – புதன்

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஜெயபாலன் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. நேற்றிலிருந்து பூனை மாதிரி நடக்கிறார். இன்று காலையில் என் சட்டையைக்கூட அவரே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கழுத்துப் பட்டையில் ஒரு மடிப்பு.

எனக்கு மறக்காத ஒன்று உண்டு. அந்தத் தேர்வு நாளன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். பூட்ஸ் முழுக்கச் சேறு. மழையிலேயே ஆட விட்டார்கள், பந்து நிற்கவே இல்லை, கிடைக்கவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தலையைத் துவட்டிவிட்டேன். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தேன். பின்கட்டில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸைப் பழைய பல் பிரஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவும்போது அழுதேன். புதுப் பெண்டாட்டி, புருஷன் தோற்றுவிட்டாரே என்று.

தேர்வுக்கே போகாத ஆளின் பூட்ஸில் சேறு எப்படி வந்தது? இரண்டு நாளாக இந்த ஒரே கேள்வி. நோயாளி ஒருவர் பெயரைப் பதிவு செய்யும் இடத்தில் “சேறு” என்று எழுதிவிட்டேன்.

ஜூன் 15 – ஞாயிறு

சொல்லிவிட்டார்.

பாசாருக்குப் போனோம். காய்கறியெல்லாம் வாங்கிக் காரில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ஓட ஓட முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கங்கோங் கீரைக் கட்டு. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். பஸ் ஏறினாராம். தைப்பிங் வரைக்கும் போனாராம். பஸ் அங்கே பத்து நிமிடம் நின்றதில் தேநீர் குடிக்க இறங்கினார். திரும்பி ஏறவில்லை. பஸ் போவதை நின்று பார்த்திருக்கிறார். பிறகு ஏரித்தோட்டத்தில் மூன்று மணி நேரம் மழையில் நடந்திருக்கிறார். பையிலிருந்து பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டு, மரத்தடிச் சேற்றில் நின்று மிதித்திருக்கிறார்.

“நின்னு மிதிச்சீங்களா?”

“ஆமா. ரெண்டு காலும்.”

சிரிப்பு வந்தது எனக்கு. வரக்கூடாத நேரம். ஒரு வளர்ந்த ஆம்பளை, தைப்பிங் ஏரிக்கரையில், குடை பிடித்துக்கொண்டு போகிறவர்கள் பார்க்கப் பார்க்கச் சேற்றில் தாண்டவம் ஆடியிருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏன் என்று கேட்டேன்.

வைப்பரை அணைத்தார். பிறகு சொன்னார். “டன்மோர்ல நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும் கலா. அங்க போனா நான் யாரு? நல்லா ஆடாம விட்டா அசிங்கம். நல்லா ஆடிட்டா, எடுத்துக்குவாங்க. அதுக்கு அதவிடப் பயம்.”

பிறகு பத்திரிகையில் ஒரே கழகத்தின் மேல் விசுவாசம் என்று எழுதினார்களே, விழா மேடையில் மாலை போட்டார்களே, அதெல்லாம்?

“அவங்க விசுவாசம்னு சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல.”

மழை விடவில்லை. அவர் பயந்ததில் எனக்குக் கோபமில்லை. யார்தான் பயப்படவில்லை? என்னிடம் சொல்லாமல் விட்டதுதான் சுடுகிறது. நானும் புதுசுதானே அப்போது, நானும் பயந்துகொண்டுதானே அந்த வீட்டுக்குள் வந்தேன். இரண்டு பேரும் ஒன்றாய் உட்கார்ந்து பயந்திருக்கலாமே.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். கீரைக் கட்டிலிருந்து இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டார். பார்க்காதது போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 17 – செவ்வாய்

யோசித்துப் பார்க்கிறேன். பஸ்ஸைவிட்டு இறங்கியது பயம், சரி. ஆனால் வேலை முடிந்த களைப்போடு செவ்வாய்க்கிழமை மழையில் போய், வந்திருக்கும் ஆறு பேரை வைத்துப் பயிற்சி நடத்துகிறாரே, அது எதில் சேரும்? கோல் கீப்பருடைய அப்பா இறந்தபோது சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கினாரே, அது? திடலில் புல் வெட்ட ஆள் வராத மாதம் தானே மெஷினைத் தள்ளிக்கொண்டு போனாரே? பயந்தவன் இதையெல்லாம் செய்யமாட்டான் என்றில்லை. ஆனால் இருபது வருடம் செய்யமாட்டான்.

கோபம் இன்னும் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது.

இன்றைக்கும் பயிற்சிக்குப் போயிருக்கிறார். முட்டிக்கு நான்தான் துணி சுற்றிவிட்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே.

ஜூன் 29 – ஞாயிறு

பாரிட் புந்தாருக்குப் பதில் சொல்லும் நாள். போன் போடுவதற்கு முன்னால் என்னை எதிரில் உட்காரச் சொன்னார். இந்தமுறை பயத்தில் வேண்டாம் என்று சொல்லவில்லை, முட்டி நிஜமாகவே போய்விட்டது, இந்த வருடத்தோடு ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்றார். முக்கால்வாசி நம்பினேன்.

அரிசி ஆலைக்காரர் நல்ல மனிதர். ஒன்றும் வற்புறுத்தவில்லையாம். உங்களுக்குத் தெரிந்த வேறு தற்காப்பு ஆட்டக்காரர் யாராவது இருக்கிறாரா என்றுமட்டும் கேட்டாராம். இவர் இல்லை என்றுவிட்டார். ஷர்வின் பெயரைச் சொல்ல மனம் வரவில்லை போலும். கழகத்துக்கு ஆள் வேண்டும் என்பது வாஸ்தவம்தான். திருட்டுத்தனமும் வாஸ்தவம்தான்.

ஜூலை 12 – சனி

ஆட்டம் தொடங்கும்போது கேப்டன் பட்டை ஷர்வின் கையில் இருந்தது. கேலரியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கே அப்போதுதான் தெரியும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

முடிந்ததும் ஷர்வின் நேராக என்னிடம் வந்தான். வியர்வை ஒழுகுகிறது, கண் சிவந்திருக்கிறது. ஜெயபாலன் ஒன்றும் சொல்லவில்லையாம். பெஞ்சிலும் கழற்றாமல் கட்டியிருந்த பட்டையை, உடை மாற்றும் அறையில் அண்ணனாகவே கழற்றி இவன் கையில் மாட்டிவிட்டாராம். “எனக்கு லூசா இருந்துச்சு அக்கா. அண்ணன்தான் ஊக்கு தேடிக் குத்திவிட்டாரு. கையையும் சேர்த்துக் குத்திட்டாரு.”

இரண்டு ஊசிப் பொட்டு. காட்டினான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏன் என்னிடம் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்கப் போனேன். அவரே சொல்லிவிட்டார், காலையில் பல் விளக்கும்போதுதான் தோன்றியதாம். பல் விளக்கும்போதா! இதைக் கிளினிக்கில் சொன்னால் டாக்டர் சந்தோஷப்படுவார்.

2–1 வெற்றி. மே மாதத்திலிருந்து முதல் வெற்றி.

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

சதாசிவம் அண்ணனின் நோட்டில் 397. கடைசிப் பத்து நிமிடம், கடைசி ஐந்து நிமிடம் என்று ஜெயபாலன் அவ்வப்போது உள்ளே விடுகிறார். கணக்குப்படி செப்டம்பர் 20, கடைசி ஆட்டம், சொந்தத் திடல். அதுதான் நானூறு. பேனருக்குச் சொல்லியாகிவிட்டதாம். எந்தப் படம் போடுவது என்று என்னைக் கேட்டார். முடி இருந்த காலத்துப் படம் ஒன்றைக் கொடுத்தேன்.

செப்டம்பர் 13 – சனி

மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். எழுத்து கோணலாய்த்தான் வரும்.

தெலுக் இந்தான்காரர்களோடு ஆட்டம், அவர்கள் திடலில். இன்று தோற்காமல் இருந்தால் டன்மோர் லீக்கில் நிற்கும். தோற்றால் கதை முடிந்தது. அடுத்த வாரம் எத்தனை கோல் அடித்தாலும் பிரயோசனம் இல்லை. ஒன்றரை மணி நேரம் காரில் போனோம். துளசி வழி முழுக்க அட்டவணையைக் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தாள்.

ஷர்வின் தலையால் முட்டி ஒன்று போட்டான். அவர்கள் திருப்பி ஒன்று போட்டார்கள். 1–1. எழுபதாவது நிமிடம் நம் இடதுபக்க ஆட்டக்காரன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஜெயபாலன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். வேறு யார் இருக்கிறார்கள்?

இவர் உள்ளே போனார். ஓடவில்லை. நின்றார். கையைக் காட்டினார், கத்தினார், ஷர்வினை இரண்டடி பின்னால் இழுத்தார். பந்து எங்கே வருமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொண்டார். ஜெயபாலன் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மூளை முன்னால் போய் இடம் பிடித்து வைத்தால், கால் மெதுவாக வந்து சேர்ந்துகொள்கிறது.

கூடுதல் நேரம், மூன்றாவது நிமிடம். எங்கள் ஆள் ஒருவன் பந்தை விட்டான். அவர்களுடைய ஒன்பதாம் எண், பத்தொன்பது வயதிருக்கும், நடுத்திடலிலிருந்து புறப்பட்டான். நடுவில் இவர் மட்டும். பின்னால் கீப்பர். அவன் இவரைத் தாண்டினான். தாண்டிவிட்டான், அவ்வளவுதான், இவர் பிடிக்கமாட்டார், நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

விசில் சத்தம். கண்ணைத் திறந்தால் இரண்டு பேரும் தரையில். அந்த ஒன்பதாம் எண் சட்டை இவர் கையில் முக்கால்வாசி இருக்கிறது. பின்பக்கமாகப் பிடித்து இழுத்திருக்கிறார்.

சிவப்பு அட்டை. இருபது வருடத்தில் ஒரு சிவப்பு அட்டை கிடையாது இவருக்கு. அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதற்கு ஒரு விருதுகூட இருக்கிறது அலமாரியில், நான் தூசி தட்டுவேன்.

இவர் எழுந்தார். அந்தப் பையனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டு வெளியே நடந்தார். அவர்கள் அடித்த ஃப்ரீ கிக் கம்பத்துக்கு மேலே போய் யாருடைய காரிலோ விழுந்தது. முடிந்தது. 1–1.

டன்மோர் நின்றுவிட்டது. எல்லோரும் திடலுக்குள் ஓடினார்கள். இவர் மட்டும் உள்ளே வர அனுமதி இல்லாமல் வேலிக்கு வெளியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி அங்கே போனேன். முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறார்.

“யோசிக்கவே இல்ல கலா. கை போயிருச்சு.”

செப்டம்பர் 14 – ஞாயிறு

காலையில் சதாசிவம் அண்ணன் போன். எல்லோரும் மறந்துபோனதை அவர்தான் எடுத்துச் சொன்னார். சிவப்பு அட்டை என்றால் அடுத்த ஆட்டத்துக்குத் தடை. அடுத்த ஆட்டம்தான் கடைசி. நேற்றோடு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பேனர் அச்சாகி வந்துவிட்டதாம், ஆறு அடிக்குப் பன்னிரண்டு அடி.

போனை வைத்துவிட்டு இவரிடம் சொன்னேன். ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே யோசித்தார். ஐநூறாக இருந்தால் வருத்தப்பட்டிருப்பேன் என்றார். என்ன கணக்கோ.

துளசிக்குத்தான் தாங்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் உள்ளே இருந்தவளோடு பேசிக்கொண்டிருந்தார். எழுந்திருக்க நான்தான் கைகொடுக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 20 – சனி

பேனரைக் கட்டிவிட்டார்கள். “400” என்பதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, துளசி மார்க்கரில் “399” என்று எழுதினாள். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சதுரமும் வரைந்தாள். சதாசிவம் அண்ணன் நீல நோட்டை எடுத்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

தடையில் இருப்பவர் பெஞ்சில் உட்காரக் கூடாது. அதனால் கேலரிக்கு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போதுதான் எழுதும்போது தோன்றுகிறது. பன்னிரண்டு வருடமாக டன்மோர் ஆட்டம் பார்க்கிறேன், ஒரு தடவைகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்?

இனிமேலும் பார்க்காமலிருப்பதே நல்லது. முதல் நிமிடத்திலிருந்து தன் காலால் என் காலை உதைக்கிறார். உதைத்துவிட்டு, பந்தை வெளியே அடி என்று முணுமுணுக்கிறார். நான் என்ன பந்தா? என் கச்சானைக் கேட்காமல் எடுத்துத் தின்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கேப்டன் என்று தெரிந்தே, கொஞ்சம் சும்மா இருங்க தம்பி என்று சொல்லிவிட்டார். இடைவேளையில், நான் எப்போதும் இந்த இடத்தில்தான் உட்காருவேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இங்கேயிருந்து பார்த்தால் தூரத்துக் கோல் கம்பம் சரியாகத் தெரியவில்லையே என்றார்.

“உங்களைப் பாக்கத்தான் வந்தேன். கோல் கம்பத்தை யாரு பாத்தா?”

அதற்குப் பிறகு பத்து நிமிடம் உதைக்கவே இல்லை.

ஆட்டம் 0–0. முடிந்ததும் ஷர்வின் எல்லோரையும் கூட்டிக்கொண்டு கேலரிப் பக்கம் வந்தான். இவரை இறங்கி வரச் சொல்லவில்லை. அவர்கள் ஏறி வந்தார்கள், பூட்ஸோடு, படியெல்லாம் சேறாக்கிக்கொண்டு. ஜெயபாலன் கடைசியாக வந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்ல ஆரம்பித்தார். இவர் விடவில்லை. “போதும் லா. நீ நல்லாத்தான் பண்ணுன” என்றார். பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்துத்தான் சொன்னாரா, இந்த சீசனுக்கு மட்டுமா? ஜெயபாலனுக்குப் புரிந்திருக்கும்.

எனக்குக் கண்ணில் தூசி. திடலில் எப்போதும் தூசிதான்.

அக்டோபர் 7 – செவ்வாய்

மணி ஐந்தரை ஆனதும் எழுந்து நின்றார். எங்கே போவதென்று தெரியாமல் வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார். கழகக் குழுவில் சேரச் சொல்லி சதாசிவம் அண்ணன் கேட்டதற்கு, ஒரு வருடம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்குத் துளசியின் கணக்குப் பாடத்தில் தலையிட்டார். ஆறேகாலுக்கு அவள் என்னிடம் வந்து, அப்பாவைத் திரும்பவும் திடலுக்கு அனுப்ப ஏதாவது வழியிருக்கிறதா என்று கேட்டாள்.

குளிர்பெட்டியில் மீன் வந்துவிட்டது.

நவம்பர் 8 – சனி

பாகான் செராயில் மங்களம் அக்காவின் மகன் கல்யாணம். என் பெரியம்மா வழிச் சொந்தம். இந்தப் பக்கத்து ஆட்களை இவர் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை அல்லவா, நான் எப்போதும் துளசியோடு தனியாகத்தான் போவேன். இன்று முழுக்கை வெள்ளைச் சட்டை, வேட்டி. காலையிலேயே தயாராகி வாசலில் நின்றார்.

வழியில் வயலெல்லாம் பச்சை. தாலி கட்டும்வரை ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். மங்களம் அக்கா வந்து, தம்பி எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்தாள். ஓட்டுத் தொழிற்சாலையில் என்றார். நல்ல வேலையா என்றாள். நல்ல வேலைதான் அக்கா என்றார். அத்தோடு முடிந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியாது.

சாப்பிட்டுவிட்டு வெளியே காற்றாட வந்தோம். மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செருப்பு ஜோடி. மிக மோசமான தற்காப்பு. எனக்கே தெரிந்தது. இவர் ஓரத்தில் நாற்காலி போட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பந்து ஒன்று தப்பி வந்து இவர் நாற்காலிக் காலில் மோதியது. குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

வாங்க வந்தவன் சிரித்த முகமாகத்தான் சொன்னான். “அங்கிள், கொஞ்சம் தள்ளி உக்காருங்க லா. மேல பட்டுறப் போகுது.”

நான் வாயைத் திறந்துவிட்டேன். இவரு யாரு தெரியுமா என்று தொண்டைவரை வந்துவிட்டது. இவர் என் முழங்கையை லேசாகத் தொட்டார்.

“சரி தம்பி” என்றார் அவனிடம். எழுந்து, நாற்காலியைத் தூக்கி நிழல் பக்கமாக நாலடி பின்னால் போட்டார். பிறகு எனக்கும் ஒன்றை இழுத்துப் போட்டார்.